இரண்டாம் வரியில் ஒரு சிரிப்பு

மார்ச் 14, வியாழன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாலை ஏழு மணி வரை அதைச் சிறியது என்றுதான் நினைத்திருந்தேன். வேலையைத் தொடங்குமுன் நகல் எடுக்க வேண்டும் என்று ஒலிப்பதிவு வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். நோட்டில் அடிக்கோடிட்டும் வைத்திருக்கிறேன். இருந்தும் அம்மாவின் பாட்டை அப்படியே திறந்து, திருத்தி, அதன் மேலேயே சேமித்துவிட்டேன்.

அம்மா போய் எட்டு மாதம். அவள் பாடியதில் மிஞ்சியது அது ஒன்றுதான். சித்திக்கு அனுப்புவதற்காக, ஃபோனைச் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பாடியது. இரண்டாம் வரியில் எப்போதும் அவளுக்குச் சுருதி இறங்கிவிடும். உடனே பக்கத்து அறையிலிருந்து அப்பா, "லிஃப்ட் இறங்குது, தள்ளி நில்லுங்க" என்பார். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அம்மா சிரித்துவிட்டு அந்த வரியை மறுபடி எடுப்பாள். அந்தப் பதிவிலும் இது அப்படியே இருந்தது.

புதுப் பாட்டு எதுவும் அப்பா காதில் தேறாது. போன வாரம் நான் ஒன்றைப் போட்டுக் காட்டியபோது, "கதவு தொறந்திருக்கு, லைட்டு எரியுது, கூப்பிட்டா பதில் இல்ல. வீட்டுல யாரும்மா இருக்கா?" என்றார்.

"அந்தக் காலத்துலயும் வெட்டி ஒட்டித்தான்ப்பா போட்டாங்க. வாத்தியாரே சொன்னாரு."

"ஒட்டியிருப்பாங்க. மூச்சு வாங்குறத விட்டு வெச்சாங்கல்ல?"

அவரிடம் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இதைச் செய்தேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. குழாய்ச் சத்தத்தை எடுத்தேன். சுருதியை நேராக்கினேன். பேச்சும் சிரிப்பும் வந்த இடத்தை வெட்டிவிட்டு, அவள் பிறகு பாடிய அதே வரியை அங்கே ஒட்டினேன். தையல் தெரியவில்லை. வாத்தியார் "சுத்தமா இருக்கு" என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டில் ஏழு மணிக்கு அப்பா கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். முதல் வரியில் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் வரி நெருங்கியதும் அவர் உதடு மெல்ல விரிந்தது. சிரிப்பதற்குத் தயாராக இருந்தார். வரி கடந்து போனது. உதடு அப்படியே நின்றது. பாட்டு முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"நல்லா பாடியிருக்கா" என்றார், வேறு யாரையோ சொல்வதுபோல. பிறகு கேட்டார்: "இதுல நான் எங்கேம்மா?"

நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "சரி விடு, உனக்கென்ன தெரியும்" என்றார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

அம்மா அனுப்பிய பாட்டு அவளுடைய பழைய ஃபோனில் இன்னும் இருக்கிறதா என்று சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்தப் பழைய ஃபோனா? அது தண்ணில விழுந்துச்சேடி. டப்பாலதான் கெடக்கு, உயிர் இருக்கான்னு தெரியல" என்றாள்.

இதை எழுதும்போது கூடத்தில் அப்பா மறுபடி அந்தப் பாட்டைப் போடுகிறார், இம்முறை ஹெட்ஃபோன் இல்லாமல். இரண்டாம் வரி வருகிறது. "லிஃப்ட் இறங்குது" என்கிறார், தாழ்ந்த குரலில். அம்மா சிரிக்காமல், கொஞ்சமும் பிசகாமல், மேலே பாடிக்கொண்டு போகிறாள்.

நாளை: வகுப்புக்குப் போகுமுன் சித்தி வீட்டுக்குப் போய் ஃபோனை வாங்கிக்கொள்ள வேண்டும். துடைக்கக் கூடாது, சார்ஜில் போடக் கூடாது. அப்படியே பழுதுக் கடையில் கொடுக்க வேண்டும்.