வாரேன் சார்

“அப்ப என்னதான் புள்ள சொன்ன அவுககிட்ட?”

“வாரேன்னு சொன்னேன்.”

“கையெடுத்துக் கும்பிட்டுட்டு வாரேன்னா, கெளம்புறேன்னுதான நெனப்பாக?” என்று ஸ்டீபன் சிரித்தான், அருப்புக்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்தே சிரித்துக்கொண்டுதான் வருகிறான், கூடப் படிக்கிறவன், சட்டைப் பையில் வக்கீலின் கார்டு இருக்கிறது, சிரிக்கத்தான் செய்வான், முருகலட்சுமி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள், சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை... நேற்று மதுரையில், சட்டக் கல்லூரி ஆய்விதழ் நடத்திய கருத்தரங்கில், கண்மாய்த் தண்ணீரை ஊர்கள் முறைவைத்துப் பாய்ச்சுவதற்குச் சட்டத்தில் என்ன இடம் என்று பன்னிரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேசியவள் இவள்தானா, கட்டுரையில் முப்பத்தெட்டு அடிக்குறிப்பு போட்டவள், ஒரு தமிழ்ச் சொல்லில் வழுக்கி விழுந்தவளும் இவள்தானா?

கருத்தரங்கு முடிந்து டீ, நிகழ்ச்சி நிரலில் அதற்கு நெட்வொர்க்கிங் என்று பெயர், கப்பை இடது கையில பிடிங்க, கை குலுக்க வலது கை சும்மா இருக்கணும் என்று ஆய்விதழின் மாணவ ஆசிரியர் ரோஷினி அக்கா முந்தின நாளே பழக்கியிருந்தாள், இவளும் அப்படியே பிடித்திருந்தாள், அந்தப் பெரிய வக்கீல் நவநீதகிருஷ்ணன் அவராகவே வந்து, உங்க கண்மாய்க் கட்டுரை நல்லா இருந்ததும்மா, எங்கிட்ட ஒரு ஜூனியருக்கு இடம் இருக்கு, சென்னைக்கு வர்றீங்களா என்றார், அதற்குள் யாரோ அவரைப் போட்டோவுக்கு இழுத்துப் போனார்கள், அவர் திரும்பி வந்ததும் இவள் கப்பை மேஜையில் வைத்தாள், இரண்டு கையையும் கூப்பினாள், வாரேன் சார்... நன்றியில்தான் கூப்பினாள், அவர் என்ன கண்டார், “சரிம்மா, பத்திரமா போயிட்டு வா” என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், இல்லை சார், நான் சொன்னது... பெரிய மனிதர் விடை கொடுத்த பிறகும் அங்கேயே எப்படி நிற்பது, கால்கள் தாமாக வாசலுக்குப் போயின, திரும்பிப் பார்த்தால் அவள் நின்ற இடத்தில் ஸ்டீபன், வலது கை சும்மா இருந்தது அவனுக்கு.

“போன் போட்டுச் சொல்லேன், நல்ல மனுசரு” என்கிறான், என்ன சொல்ல, ஆறு மாதமாகப் பதினோரு வக்கீல் ஆபீஸுக்கு எழுதி ஒருவர்கூடப் பதில் போடவில்லை, வா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான், அவரிடம் இருப்பதும் ஒரு இடம்தான், அதற்குத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார் ஸ்டீபனை, அவனோ சேத்துப்பட்டில் ரூம் கிடைக்குமா, கறுப்புக் கோட்டு மதுரையிலேயே தைத்துவிடலாமா என்று பேசிக்கொண்டே வருகிறான், வெளியே கருவேலங்காட்டில் கரிமூட்டம் புகைகிறது, காலையிலிருந்து வக்கீலுக்கு மெசேஜ் எழுதி எழுதி அழிக்கிறாள், மதிப்பிற்குரிய ஐயா, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, என் நோக்கம்... எத்தனை மாற்றி எழுதினாலும் சரியாக வரவில்லை, ஏன் வரவில்லை, இங்கிலீஷில் எழுதிப் பார்த்தும் வரவில்லையே, சொல்ல வேண்டியது அவருக்கு இல்லையோ, பக்கத்து சீட்டில் பொரிகடலை தின்றுகொண்டிருக்கிற இவனுக்குத்தானோ, இவ்வளவு நேரமும் இவனுக்கான வாக்கியத்தைத்தான் அவர் பெயர் போட்டு எழுதிக்கொண்டிருந்தாளோ? நினைத்ததும் முகம் காந்தியது, இப்படிப்பட்டவளா நான்... திருச்சுழி வர இன்னும் ரெண்டு ஸ்டாப், அவன் காகிதப் பொட்டலத்தை இவள் பக்கம் நீட்டினான், இவள் வாங்கவில்லை.

“ஏலே ஸ்டீபன், திங்கக்கிழம நீ போகாம இருக்கியா?”