கிட்டங்கிச் சிலந்தியின் கண்கள்

இன்பமணிக்குக் கிளாடிஸைக் கண்டாலே வயிறு எரியும். இருவரும் ஒரே நாளில் கல்லூரி விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தவர்கள். எழுபத்துநாலில், மூன்று மாதப் பயிற்சிக்குக் கல்கத்தாவுக்கு ஒருத்தியை அனுப்புவார்கள் என்ற பேச்சு வந்த பிறகு, அந்த எரிச்சலில் சோறுகூட இறங்கவில்லை. இடுக்குகளில் வாழும் சிலந்தியைப் பிடித்து, அது எந்தச் சிலந்திக் குடும்பம் என்று எழுதி அங்குள்ள நிபுணருக்கு அனுப்ப வேண்டும். யாருடையது தேறுகிறதோ அவளுக்கு இடம்.

இன்பமணி மாப்பிள்ளையூரணியில் ஒரு சுவர் விடாமல் நோண்டினாள். நாய் துரத்தியதுதான் மிச்சம். கிளாடிஸோ துறைமுகத்துப் பக்கம் தன் அப்பா சங்கு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குப் போனாள். பழைய பவளக்கல் சுவர், விரல் நுழையும் இடுக்குகள், ஒவ்வொன்றின் வாயிலும் சுற்றிவரச் சிலந்தி நூல். அரைமணி நேரத்தில் ஒரு பழுப்புச் சிலந்தியோடு சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். அதிர்ஷ்டத்துக்கும் ஆள் பார்க்கத் தெரியும்போல.

இடுக்கில் குழாய் மாதிரி வலை பின்னும் சிலந்திகளில் இரண்டு குடும்பங்கள் ஆளைக் குழப்பும். ஒன்றுக்கு ஆறு கண்; மூன்று ஜோடிக் கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்திருக்கும். மற்றதற்கு எட்டுக் கண். எட்டும் தலை நடுவே சின்ன மேட்டில் குவிந்திருக்கும். பாடம் செய்ய ஸ்பிரிட்டில் போட்டால் கால் சுருண்டுவிடும், கண்களின் எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டும்.

"எனக்கு ஆறுதான் தெரியுது. ஏளா, நீ ஒருதரம் பாத்துச் சொல்லு" என்று கிளாடிஸ் மைக்ராஸ்கோப்பை விட்டு நகர்ந்தாள்.

இன்பமணி விளக்கைச் சற்றே சாய்த்தாள். மேட்டின் நிழலில் ஒளிந்திருந்த இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. திரும்பவும் எண்ணினாள். எட்டேதான். பெயர் தப்பினால் கிளாடிஸின் கல்கத்தாவும் போச்சு. பல நாளுக்குப் பிறகு அவள் நெஞ்சு குளிர்ந்தது.

"ஆறுதான். எழுதிக்கோ" என்றாள்.

கிளாடிஸ் பென்சிலால் சீட்டெழுதி, சிலந்தியோடு குப்பிக்குள் போட்டு மூடினாள். மை என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பதில் வந்தது. துறைத்தலைவி பிளாரன்ஸ் மிஸ் இருவரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். "இந்தக் கரையிலிருந்து எங்களுக்கு இதுவரை வராத சிலந்தி. பிடித்த கிளாடிஸை அனுப்பி வையுங்கள். இனம் கண்ட இன்பமணிக்குக் கண்களை எண்ணக் கற்றுக்கொடுங்கள்."

கடிதத்தோடு அந்தச் சீட்டும் திரும்பி வந்திருந்தது. பிடித்தவர் கிளாடிஸ், இனம் கண்டவர் இன்பமணி. கடைசியாகப் பார்த்து உறுதி சொன்னவர் பெயரைப் போடுவது துறை வழக்கம். பொறாமையில் இன்பமணிக்கு அது நினைவிலேயே இல்லை.

"மிஸ், மொதல்ல ஆறுன்னு சொன்னது நான்தான். இவ மேல தப்பில்ல" என்றாள் கிளாடிஸ். அவள் காட்டிய அந்தப் பரிவு இன்பமணியை இன்னும் மோசமாகச் சுட்டது.

பிளாரன்ஸ் மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நீ எத்தன பாத்த, இன்பமணி?"

எட்டு என்று சொன்னால் கெட்டிக்காரி என்பது தெரிந்துவிடும். தெரிந்தே பொய் சொன்னவள் என்பதும் தெரிந்துவிடும்.

"ஆறு, மிஸ்" என்றாள்.