மூன்று கார்டு விலை

கார்மென் கண்ணை மூடிக்கொண்டு பாடும் அந்தக் கடைசி வரிக்கு மூன்று கித்தார் கார்டுதான், மூன்று விரல்பிடிதான் விலை: ஜி, சி, டி. பதினெட்டு வருடமாகக் கீத் அந்த விலைக்குத்தான் அதை வாங்கிக்கொண்டிருந்தான். ஈப்போவில் சேலைக் கடையில் நின்று, முந்நூறு ரிங்கிட் பட்டுச்சேலையை முந்நூற்றைம்பதுக்குத் தள்ளிவிடத் தெரிந்தவன். இதைவிட லாபமான சரக்கு அவன் கைக்கு வந்ததில்லை. சிலிபின் கோயில் பாடகர் குழு ஒவ்வொரு டிசம்பரும் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வீடு வீடாகப் போகும். வருடத்துக்கு இருபது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் கார்மென் தனியாக ஒரு பாட்டு பாடுவாள், கீத் கித்தார் வாசிப்பான். கடைசி வரி உச்சிக்கு ஏறும்போது மனைவி கார்மெனின் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். தன் வாசிப்பில் கிறங்கிப் போகிறாள் என்பது அவன் எண்ணம்.

இந்த வருடம் ரூபன் வந்து சேர்ந்தான். வயது இருபத்தாறு, வளையும் விரல், பளபளக்கும் கித்தார்.

"கார்மென் பாட்டுக்கு இந்தத் தடவ ரூபன் வாசிக்கட்டும் கீத். நீங்க மத்த பாட்டெல்லாம் பாத்துக்குங்க லா" என்றாள் குழுத் தலைவி ஹில்டா.

"தாராளமா" என்றான் கீத்.

ஒத்திகைகளில் மூலையில் உட்கார்ந்து அவன் எண்ணியது தாளத்தை அல்ல, வேறு கணக்கை. கார்மென் ரூபன் பக்கம் குனிந்து குசுகுசுத்தது ஆறு தடவை. சிரித்தது நான்கு. ஒரு தடவை ரூபனின் கித்தார் கழுத்தையே தொட்டுக் காட்டி ஏதோ கேட்டாள். தன் கித்தாரை அவள் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை.

முதல் ஞாயிறு, மாலை நான்கு மணிக்குச் செமோர் தாண்டிப் பழைய எஸ்டேட்டுக்குப் போனார்கள். ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து வெகுநாளாகிறது, பெயர் மட்டும் எஸ்டேட். அன்று பாட வேண்டிய மரியஜோசப் வீட்டில் முதலில் எல்லாரும் ரோஜா சிராப் கலந்த தண்ணீர் குடிக்க உள்ளே போனார்கள். ரூபனின் கித்தார் வராந்தா நாற்காலியில் சாய்ந்திருந்தது. அதன் மூன்றாவது கட்டத்தில் கம்பிகளைக் கவ்வியபடி ஒரு கேப்போ. அதைப் போட்டால்தான் அவன் வாசிப்பு கார்மென் பாடிப் பழகிய சுருதியின் உயரத்துக்கு ஏறும். கீத் ஒரு நிமிடம் பார்த்தான். மறு நிமிடம் அது அவன் கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

'இப்ப வாசிடா பாப்போம்.'

பாட நேரம் வந்ததும் ரூபன் நாற்காலிக்கு அடியில் தேடினான், உறைக்குள் தேடினான்.

"அக்கா, கேப்போவ காணல. வெறும் கம்பியில வாசிச்சா மூணு கட்டம் கீழ இறங்கிரும். பரவால்லயா?"

"இறங்குனா இறங்கட்டும் லா. வாசி தம்பி" என்றாள் கார்மென்.

கவிழப் போகிறார்கள் என்று கீத் சுவரில் சாய்ந்து வசதியாக நின்றான். பாட்டு கவிழவில்லை. குரல் படியிறங்கி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததுபோல் சுகமாக இருந்தது. கடைசி வரி வந்தது. கார்மென் கண்ணை மூடவில்லை. அகலத் திறந்து, சிரித்தபடி, நேராகக் கீத்தைப் பார்த்துப் பாடினாள்.

திரும்பும் வழியில் காரில் அவனால் அடக்க முடியவில்லை.

"இன்னைக்கு ஏன் கண்ண மூடல?"

"வலிக்கல, அதான்."

"என்னா வலி?"

"உங்க ஜி-யில அந்த எடம் எனக்கு எட்டாது. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு எகிறுவேன். தொண்டை கிழியும்."

"பதினெட்டு வருசமா? சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா? உங்களுக்கு வர்றதே அந்த மூணுதான். கித்தார மூட்ட கட்டி வச்சிருப்பீங்க."

கீத் முன்னால் போன லாரியை முந்தினான். பிறகு, "அந்தப் பையன்கிட்ட என்னத்த அப்படி குசுகுசுன்னு?"

"உங்களுக்குத் தெரிஞ்ச கார்ட வச்சே என் தொண்டைக்கு வழி இருக்கான்னு கேட்டேன். ஜி-யும் டி-யும் உங்ககிட்ட இருக்காம். சி-ய விட்டுட்டு ஏ மட்டும் கத்துக்கிட்டா போதுமாம். டி-யில ஆரம்பிச்சு, ரெண்டாவது கட்டத்துல கேப்போ போட்டா இன்னைக்குப் பாடுன அதே உயரம்."

"சரி... ஒரு கேப்போ வாங்கிரலாம்."

"வாங்குங்க. மொதல்ல பையில உள்ளத அவன்கிட்ட குடுங்க. ஒக்காரும்போது தொடையில குத்தலயா?"

குத்திக்கொண்டுதான் இருந்தது. சிவப்பு விளக்கில் கார் நின்றபோது கீத் ஸ்டீயரிங் மேல் விரல்களை வைத்து மனதுக்குள் கூட்டினான். பதினெட்டு வருடம், வருடத்துக்கு இருபது வீடு: அவள் ஏறிய உச்சி முந்நூற்று அறுபது. இன்றைய வீட்டைச் சேர்க்க முடியாது, அது ரூபன் வாசித்தது. அவன் பக்கத்தில் இருப்பு ஜி ஒன்று, டி ஒன்று. வர வேண்டியது ஏ. அவளுக்குப் பட்ட கடனில் இதுவரை கழிந்தது, ஒன்றுமில்லை.