இளமதிக்கு எவ்வளவு என்று மட்டும் தெரியும்

1

மறைப்பானேன், இந்தக் கதையை ஒரு ஆராய்ச்சிச் செய்தியிலிருந்துதான் பொறுக்கினேன். ஒரு வாசனையில் ‘என்ன’ என்பதையும் ‘எவ்வளவு’ என்பதையும் மூளை வேறு வேறு விதமாகக் குறித்துக்கொள்கிறதாம். எந்தெந்த நரம்பணுக்கள் எழுந்தன என்பதில் இன்ன வாசனை என்பது இருக்கிறது. அவை எவ்வளவு ஒருசேர எழுந்தன என்பதில் அது கூடுதலா குறைவா என்பது இருக்கிறது.* படித்ததும் பயந்துவிட்டேன். ஒன்று கெட்டு மற்றது மட்டும் மிஞ்சினால் ஒருத்தி என்ன செய்வாள்?

(* கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பது ஒரு சங்கதி. ஒரே வேனில் வந்து இறங்கினார்களா, ஒவ்வொருவராக வந்தார்களா என்பது வேறு சங்கதி. இது எலிகளிடம் கண்டது. மனுஷருக்கும் அப்படியே என்று சத்தியம் செய்ய நான் ஆளில்லை.)

2

மணமேல்குடியில் மழை ஓய்ந்த அந்தியில், கடலின் உப்புக்காற்று மெல்ல—

(வேண்டாம். கடலைக் கண்டால் என் பேனாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும்.)

மணமேல்குடியில் மழை. சாரல் பட்டால் பூஞ்சை பூத்துவிடும் என்று கருவாட்டு மூட்டைகளை நேற்றே வீட்டுக்குள் அடுக்கிக் கதவு சன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறார்கள். தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்பை மறித்து நிற்கிறாள் இளமதி. போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு மல்லிகை, மீன், காப்பித்தூள் எல்லாமே ரப்பர் கருகுவதுபோல ஒரே மாதிரி அடிக்கின்றன. கூடுகிறதா குறைகிறதா என்பது மட்டும் தெரிகிறது. இன்று காலையிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது.

“அடுப்பப் பத்த வைக்காதீங்க அத்தை. நாத்தம் கூடுது” என்றாள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மாமியாரிடம்.

“என்ன நாத்தம்?” என்றான் அவள் புருஷன் முத்துராஜ்.

“அது தெரியலங்க.”

“கருவாட்ட உள்ள வச்சா கருவாடு நாறாம வேற என்ன நாறும்?”

“கருவாடு நேத்தே வந்துருச்சுங்க. இது இன்னைக்கித்தான் ஏறுது.”

“இன்னொரு தடவ கேஸு கீஸுன்னு ஊரக் கூட்டுன, கீரனூருக்கு ஒங்கப்பன் வீட்டுக்கே பஸ் ஏத்தி விட்டுருவேன். புள்ள இங்கிட்டுதான் இருக்கும்.”

பிள்ளை தொட்டிலில் தூங்குகிறது.

3

உண்மையைச் சொன்னால் இளமதியை நானும் முழுக்க நம்பவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை இப்படிச் சொல்லியிருக்கிறாள். கேஸ் டியூபில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழ் எழவில்லை, தெருவே சிரித்தது. புலி வருது புலி வருது கதையாகிவிட்டது.

சிலிண்டரை மூடினால் தீர்ந்ததே என்பீர்கள். மூடிவிட்டாள். உள்ளே நிறைந்திருப்பதை எப்படி மூடுவது? மற்றவர்கள் மூக்கெல்லாம் கருவாட்டில் ஊறிப்போனவை, அவற்றை நம்பி நான் கதை எழுத முடியாது.

4

முடிவு (அ): டியூபை எலி கடித்திருந்தது. முத்துராஜ் தலைகுனிந்தான். எல்லோரும் இளமதியை—

கிழித்துவிட்டேன். ஒருத்தி பேச்சை நம்புவதற்கு வீடு பற்றிக்கொள்ளப் பார்க்கவா வேண்டும்?

முடிவு (ஆ): கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை. கீரனூர் பஸ்ஸில் சன்னலோரம்...

இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளை இல்லாமல் அவளை அந்த பஸ்ஸில் ஏற்ற மாட்டேன்.

5

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மாமியார் சின்னப்பிள்ளை எழுந்து வந்தாள். நான் அவளை அங்கே வில்லியாகத்தான் உட்கார வைத்திருந்தேன்.

“நேத்து எம்புட்டு இருந்துச்சு, இன்னைக்கி எம்புட்டு இருக்கு? அத மட்டும் சொல்லுத்தா.”

இளமதிக்கு அழுகை வந்துவிட்டது. காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குப் பதில் தெரிந்த முதல் கேள்வி அதுதான்.

“நேத்து வீடு பூரா ஒரே மாதிரி இருந்துச்சு அத்தை. இன்னைக்கி அடுப்புக்கிட்ட வர வர ஏறுது. குனிஞ்சா நிக்க முடியல.”

“ரெண்டு பேருக்கும் கிறுக்கு” என்று முத்துராஜ் பீடியை வாயில் வைத்துச் சட்டைப்பையில் லைட்டரைத் துழாவினான்.

கேஸ் இருந்ததா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். சின்னப்பிள்ளை தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறாள், வெளியே மழை, கதவை ஒட்டி அவளுடைய மூட்டைகள். முத்துராஜின் கட்டைவிரல் லைட்டரின் சக்கரத்தில் இருக்கிறது. யார் முந்தவேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், பிள்ளை தொட்டிலில் இருமுகிறது.