மாமியார் வரும் தொடர்கதை

பவுலினாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் மூன்று பிள்ளைகள், ஒரு புருஷன், ஒரு தொடர்கதை. இவற்றில் தொடர்கதை மட்டும்தான் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது.

புருஷன் இன்னாசிமுத்து கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் கணக்குப்பிள்ளை. "பொம்பளை பேரு பத்திரிகையில வந்தா நம்ம லூர்துமேரியை எவன் கட்டுவான்?" என்று கேட்டு, கதைக்குத் தன் பேரைப் போட வைத்துவிட்டார். நோகாமல் நுங்கு தின்றவருக்கு மண்டியில் 'எழுத்தாளரே' என்று பட்டம் வேறு. சட்டைப் பையில் பேனாவும் தொண்டையில் செருமலும் உடனே வந்துவிட்டன. பவுலினாவோ அடுப்படியில் மாவு டப்பாவின் மேல் காகிதத்தை வைத்து, அவருடைய கண்ணாடியை இரவல் வாங்கி எழுதினாள். பருப்பு அடிப்பிடித்தால் அந்த வாரம் கதை அமர்க்களம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு தடவையாவது தன் பேரை அச்சில் பார்க்க மாட்டோமா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

லூர்துமேரியைப் பெண் பார்க்கக் காவேரிப்பட்டினத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மதலேனம்மாள் வந்தாள். தொடர்கதைப் பைத்தியம். பெண்ணை விட்டுவிட்டு எழுத்தாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிகாரப் புருஷனை உட்டுட்டுப் போனாளே செல்லம், அவ கதி என்னாங்க ஆவும்?"

இன்னாசிமுத்து செருமினார். "கடைசியில திரும்பி வந்து அவன் கால்ல உழுந்துடுவா. அதானே குடும்பப் பொம்பளைக்கு அழகு?"

அடுப்படியிலிருந்த பவுலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரைத்தான் எடுத்துக்கொண்டார், தொலையட்டும். செல்லத்தையும் கொண்டுபோய் அந்தக் குடிகாரன் காலில் தள்ளுவதா? பஜ்ஜியை எண்ணெயில் கருகவிட்டு வெளியே வந்தாள். மூக்கில் அவர் கண்ணாடி, விரலில் மை.

"உழமாட்டா. ஓசூர்ல தையக்கடை போடுறா. நேத்துதான் எழுதித் தபால்ல சேத்தேன்."

இன்னாசிமுத்து சட்டைப் பைப் பேனாவைக் கையால் மறைத்துக்கொண்டார். மதலேனம்மாள் மையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள்.

"அதானே பார்த்தேன்! பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிற இடத்தை ஆம்பளை எப்படி எழுதுவான்? பெருமைதான் சம்பந்தியம்மா. ஆனா உங்க பொண்ணு எங்க வூட்டுக்கு வந்தப்புறம் பேனாவைத் தொடக்கூடாது. அவ எழுத உக்காந்தா சோறு யாரு ஆக்கறது? நான் கதை படிக்க வேணாமா?"

காபித் தட்டோடு நின்ற லூர்துமேரியின் முகம் வாடியது. அவளும் ஒளித்து ஒளித்து எழுதுகிறவள்தான். அது அம்மாவுக்குத் தெரியும்.

பவுலினா எதிரே வந்து சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"வாஸ்தவம்தாங்க. அடுத்த தொடர்ல ஒரு மாமியார் வர்றாங்க. காவேரிப்பட்டினத்து அம்மா. மருமவ கையில இருக்கிற பேனாவைப் பிடுங்கறவங்க. பேருதான் இன்னும் வெக்கலே."

மதலேனம்மாளுக்குக் காபி புரையேறியது. காவேரிப்பட்டினத்தில் அந்தப் பத்திரிகையைக் கடன் வாங்கியாவது படிக்காத வீடு கிடையாது.

"ஐயோ, தாராளமா எழுதட்டுங்க! சோறு நானே ஆக்கிப் போடுறேன். தை மாசமே கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

பவுலினா புருஷன் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க. இனிமே என் பேரையே போடச் சொல்லிப் பத்திரிகைக்கு ஒரு கார்டு எழுதணும். பொண்ணுக்குத்தான் மாப்பிள்ளை கிடைச்சாச்சே."