பிளாட்ச்ஃபோர்டின் பதக்கம் பார்த்த திசை

ஹெசக்கையா பிளாட்ச்ஃபோர்டின் போர்ப் பதக்கம் மற்றவர்களுடையதைப் போலத் தரையைப் பார்த்துத் தொங்கவில்லை. நீலமும் வெள்ளையும் கோடிட்ட நாடாவோடு நெஞ்சிலிருந்து கம்பி மாதிரி விறைத்து நீண்டு, அந்நேரம் ஸ்டோன்ஹவுஸ் துறைமுக ஊரில் எந்த வீட்டில் சூப் கொதிக்கிறதோ அந்த வீட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும். செவ்வாய்க்கிழமை மீன்காரர் வீடு, வியாழக்கிழமை பாதிரியார் வீடு. துறைமுகத்துக்காரர்கள் காற்றுத் திசைகாட்டியைப் பார்ப்பதுபோல அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

மகாராணியின் கப்பல்களில் இருபத்தோரு வருஷம் மரைன் என்னும் கப்பல் சிப்பாயாக இருந்தவர் அவர். ஏழு கப்பல், மூன்று கடல், ஒரு துப்பாக்கி. அதையும் துடைத்தாரே தவிர சுட்டதில்லை. பதினெட்டு வயதில் டர்னிப் கிழங்குத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தவரைச் சிவப்புச் சட்டைக்குள் திணித்து, அதிகாரிகளின் மேசைக்குப் பரிமாறப் போட்டார்கள். கை நடுங்காத மரைனுக்கு வழக்கமாகக் கிடைக்கும் போர்க்களம் அதுதான். சீனக் கடலில் ஆறு வருஷம் உருளைக்கிழங்கு, மத்தியதரைக் கடலில் ஒன்பது வருஷம் ஆட்டுக்கறி. 1882 ஜூலை பதினோராம் தேதி அலெக்சாந்திரியாக் கோட்டைகளைக் கப்பல்கள் பத்தரை மணி நேரம் அடித்து நொறுக்கியபோது, நம்மவர் கீழ்த்தளத்தில் ஆமை சூப் பாத்திரத்தைக் கைக்குழந்தைபோல மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கப்பல் நானூறு தடவை துள்ளியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. சண்டையில் யார் என்ன செய்தார் என்று விசாரிக்கும் பழக்கம் அரசாங்கத்துக்குக் கிடையாது. கப்பலின் ஆள்பட்டியலை எடுத்து, அதிலிருந்த அத்தனை பேருக்கும் விளிம்பில் பெயர் பொறித்து ஆளுக்கொரு வெள்ளிப் பதக்கம் கொடுத்துவிட்டது. பல்வலியென்று படுத்திருந்தவனுக்கும் ஒன்று. பட்டியலில் பெயர் இல்லாததால் கப்பல் பன்றி மட்டும் தப்பித்தது.

ஓய்வுபெற்று வந்த முதல் வருஷம் அவர் சொன்ன கதையில் ஒரு பீரங்கி இருந்தது. இரண்டாம் வருஷம் மூன்று. நாலாம் வருஷம் கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பீரங்கிகளை இடுக்கிக்கொண்டு தனியாளாகக் கோட்டைச் சுவரில் ஏறினார். எல்லாம் தெர்சா லஸ்கோமுக்காக. மதுக்கடை நடத்திய அந்த விதவையின் புருஷன் பீரங்கிக்காரன். பீரங்கி வெடித்து, ஒற்றை பூட்ஸாக வீடு திரும்பியவன். அவள் மனசில் இடம் பிடிக்க வீரம் வேண்டும் என்று பிளாட்ச்ஃபோர்ட் கணக்குப் போட்டார். நாலாவது முறையாக அவர் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, தெர்சா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"யோவ் பிளாட்ச்ஃபோர்ட், நீரு பீரங்கிக் கதை அளக்குறப்பல்லாம் உம்ம மெடலு என் அடுப்பையே முறைக்குது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு பீரங்கிக்காரனக் கட்டி, பூட்ஸப் பொதச்சாச்சு. இன்னொருத்தன் வேணாம். பொய்யனும் வேணாம். பதினோராந் தேதி விருந்துல எல்லார் முன்னாடியும் உள்ளதச் சொல்லும். சொன்னா கல்யாணம். இல்லேன்னா இந்தப் படிய மிதிக்காதேயும்."

அலெக்சாந்திரியா நாளைக் கொண்டாடும் அந்த விருந்து ஸ்டோன்ஹவுஸ் மரைன்களின் வருஷாந்திரப் பெருமை. தெர்சாவின் மாடியில், நட்ட நடு மத்தியானத்தில், நாற்பது தொப்பைகளும் நாற்பது பதக்கங்களும் மாட்டிறைச்சிக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் பொய்யை ஒருவர் நம்புவார்கள். கதவோரத்தில் ஜேபஸ் பாஸ்கோ என்ற பழைய பீரங்கிச் சிப்பாய் மட்டும் கதை எதுவும் அளக்காமல் தின்றுகொண்டிருப்பார். அந்த வருஷம் பிளாட்ச்ஃபோர்ட் எழுந்தார். இன்று வாயைத் திறந்தால் ஊரில் தலை காட்ட முடியாது. திறக்காவிட்டால் தெர்சா இல்லை.

"நான் சூப்பப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்," என்றார்.

"என்னது?"

"சூப்பு. ஆமை சூப்பு. பீரங்கியத் தொட்டதே இல்ல."

கார்ப்பரல் நான்கிவெல் மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தார். "அடப்பாவி, கரண்டி புடிச்சவனுக்கெல்லாம் மெடலாடா!" சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய பதக்கம் மெல்லத் தலை தூக்கித் திரும்பி, கொல்லைப்புறக் கக்கூஸைக் காட்டியது. கையால் அமுக்கினார், விரல்களை விலக்கிக்கொண்டு மறுபடியும் நீண்டது. பக்கத்திலிருந்தவருடையது பன்றிப்பட்டியைக் காட்டியது. பாண்டு வாத்தியக்காரருடையது மூலையிலிருந்த பெரிய முரசைக் காட்டியது; அதற்குள் ஒரு ஆள் தாராளமாக ஒளியலாம். ஐந்து நிமிஷத்தில் முப்பத்தொன்பது பதக்கங்கள் ஆளுக்கொரு பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றதில் குழம்புக் குடுவை ஒன்று உருண்டது. பாஸ்கோவுடையது மட்டும் நேராகத் தொங்கியது.

அவர் மென்றதை விழுங்கிவிட்டு, "இப்பவாச்சும் அந்த உருளக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளுங்கடா," என்றார்.

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தெர்சா, ஒரு ஏப்ரனைப் பிளாட்ச்ஃபோர்டின் தோளில் எறிந்தாள். "வாங்க, வந்து கிண்டுங்க. அடி பிடிக்குது."

செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. பதக்கம் குத்திக் கண் போகாமலிருக்க, அணிவகுப்பில் ஆளுக்கு ஆள் ஒரு கஜம் இடைவெளி விட்டு நடக்கவேண்டும் என்று அந்த வருஷமே உத்தரவு வந்தது. பார்வையிட வந்த அட்மிரல், நாலா திசையும் காட்டி நின்றவர்களை மெதுவாகக் கடந்துபோய், நல்ல ஒழுங்கு என்று பாராட்டினார். அவருடைய ஒன்பது பதக்கங்களும் லண்டனைக் காட்டிக்கொண்டிருந்தன.