ஸ்விதன்பியின் ஆள்

“அந்த நாரைக்கு வெள்ளிக்கிழமை வரைக்குந்தான் கெடுவாம். அப்புறம் ஏலம்” என்று ஒரு போர்ட்டர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு போனது, ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்த ஐவின் ஸ்விதன்பியின் காதில் விழுந்தது.

போத்தனூர் ரயில்வே காலனிக்கு ஆங்கிலப் பெயருள்ள குடும்பங்கள் வந்தபோது, அவரவர் குலச்சின்னக் கேடயத்தில் பொறித்திருந்த மிருகமும் உயிரோடு கூடவே கப்பலேறி வந்தது. ஹார்ட்லி வீட்டுச் சிங்கம் கொய்யா மரத்தடியில் படுத்திருக்கும். கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு கிளறுகிற நாளில் யாராவது அதன் வாலை மிதித்துவிடுவார்கள். பெயர்ச்சீட்டு கிழிந்து யாருடையது என்று தெரியாமல்போன மிருகங்கள் மட்டும் பக்கத்து ஊர் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் நின்றன.

ஐவின் வீட்டில் எதுவும் இல்லை.

“உங்க வீட்டு மிருகம் சுவத்துப் பல்லிதானேடி?” என்பாள் டாஃப்னி ஹார்ட்லி. இப்போது அவர்கள் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருந்தார்கள், சிங்கமும்தான். அந்தக் கேலிக்குக்கூட ஆளில்லை.

பார்சல் ஆபீஸ் நாரை ஒற்றைக்காலில் நிற்கும். தூக்கிய காலில் ஒரு கல். தூங்கினால் கல் விழுந்துவிடும் என்பதால் அறுபது வருஷமாகத் தூங்கவில்லை. எஞ்சின் ஓட்டிப் போகும்போதெல்லாம் ஐவினின் அப்பா அதற்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டுவார். தங்களுடையதுதான் என்று நிரூபிக்க, முப்பது வருஷம் இங்கிலாந்து தேவாலயங்களுக்குக் கடிதம் எழுதினார். கடைசிப் பதில் வந்தபோது அவர் இல்லை.

வெள்ளிக்கிழமை ஐவின் அந்தக் கடிதக் கட்டோடு பார்சல் ஆபீஸுக்குப் போனாள். கிளார்க் வேலுமயில் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“தாத்தாவுக்கு முன்னாடி?”

“பீரங்கிப் படை.”

“அதுக்கும் முன்னாடி?”

“ஆடு மேய்ச்சாங்க.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கடைசிக் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். சதுப்பு நிலத்துத் தேவாலயத்தின் பழைய ஏட்டில் ஸ்விதன்பி என்ற பெயரில் மனிதர் யாரும் இல்லை. அது ஒரு நாரையின் பெயர். அதன் அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனை, ‘ஸ்விதன்பியின் ஆள்’ என்று குறித்திருந்தார்கள்.

“அப்படின்னா நீங்க அதைக் கேக்க முடியாதுங்க மிஸ்ஸி. அதுதான் உங்களைக் கேக்கோணும்.”

ஐவின் கவுண்டருக்கு உள்ளே போய், ஒரு சைக்கிளுக்கும் பலாப்பழக் கூடைக்கும் நடுவில் நின்றாள். வேலுமயில் அவள் மணிக்கட்டில் சீட்டு கட்டி, ரிஜிஸ்தரை நாரையின் முன்னால் வைத்தார். ஆபீஸ் மூட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

நாரை அவளை வெகுநேரம் பார்த்தது. பிறகு கல்லை அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் காலால் கையெழுத்துப் போட்டது.

பாசஞ்சரில் உட்கார இடம் இருந்தது. நாரை ஜன்னலோரம் அமர்ந்து தூங்கிப்போனது. ஐவின் கல்லைப் பிடித்தபடி போத்தனூர் வரை ஒற்றைக்காலில் நின்றாள்.